ஊருக்குச் சொல்வதும் உரியவர்க்குச் சொல்வதும்



கணினி வலையில் பயன்படும் இரண்டு சிறு பெட்டிகளைப் பற்றி இன்று பேசக் கருதுகிறேன். ஒன்றன் பெயர் ஹப். மற்றொன்றன் பெயர் சுவிட்சு. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். தட்டையான உறை, வரிசையாக எட்டோ பதினாறோ துளைகள், துளைக்கொரு சிறு விளக்கு. அடுத்தடுத்து வைத்தால் வேறுபாடு காண்பது அரிது. அந்த வேறுபாட்டை அறியாதிருந்த காரணத்தால் நான் ஒரு மாணவனுக்குத் தீங்கு செய்துவிட்டேன். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2003ஆம் ஆண்டு, தக்கலைக்கு அருகில் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் கணினி அறை ஒன்று அமைந்தது. பன்னிரண்டு கணினிகள், பன்னிரண்டும் ஒரே ஹப்பில் இணைக்கப்பட்டவை. ஓரிருவர் அமர்ந்து வேலை செய்தால் யாதொரு குறையும் தோன்றாது. வகுப்பு முழுவதும் அமர்ந்துவிட்டாலோ எல்லாம் நத்தை போல் ஊரத் தொடங்கும். ஒரு நாள் மணி அடித்த பின்னும் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் பயிற்சியை முடிக்காமல் இருந்தான். கேட்டபோது, "சார், கோப்பு வரமாட்டேன் என்கிறது" என்றான். சாக்குச் சொல்கிறான் என்று கருதி, எல்லாரும் காண அவனை வெளியே நிறுத்தினேன்.

அவன் சொன்னது உண்மை. எப்படி என்பதைப் பார்ப்போம்.

ஹப் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வண்டிச் சக்கரத்தின் குடம் என்பது பொருள். ஆரக்கால்கள் அனைத்தும் குடத்தில் வந்து சேர்வதுபோலக் கணினிகளின் கம்பிகள் இந்தப் பெட்டியில் வந்து சேர்கின்றன. பெயர் பொருத்தமானதே. ஆனால் ஹப்புக்கு அறிவு என்பது சிறிதும் கிடையாது. ஒரு துளை வழியாக வரும் மின்குறியை வலுப்படுத்தி, மற்ற எல்லாத் துளைகளிலும் அப்படியே திருப்பி அனுப்பும், அவ்வளவே. யாருக்கு வந்தது என்று அது பார்ப்பதில்லை. ஒரு மாணவனிடம் தனியே சொல்ல வேண்டியதை வகுப்பு முழுவதும் கேட்கக் கூவிச் சொல்லும் ஆசிரியரைப் போன்றது அது.

செய்தி தனக்குரியதா என்று பார்ப்பது அந்தந்தக் கணினியின் பொறுப்பு. ஒவ்வொரு கணினியின் வலை அட்டைக்கும் அதனைச் செய்த தொழிற்சாலையிலேயே 48 பிட் நீளமுள்ள எண் ஒன்று கொடுக்கப்படுகிறது. இம்முறையில் ஏறத்தாழ 281 லட்சம் கோடி எண்கள் அமையும். செய்தியின் தலைப்பில் பெறுபவர் எண்ணும் அனுப்புபவர் எண்ணும் இருக்கும். தன் எண் இல்லையெனில் அட்டை அச்செய்தியைத் தள்ளிவிடும்.

இருவர் ஒரே கணத்தில் பேசத் தொடங்கினால் என்னாகும்? குறிகள் ஒன்றோடொன்று மோதிச் சிதையும். மோதலை உணர்ந்ததும் இரு கணினிகளும் நிறுத்திவிட்டு, தத்தமக்குத் தோன்றிய சிறிது நேரம் காத்திருந்து, மீண்டும் முயலும். இம்முறைக்கு மூலம் ஹவாய்த் தீவுகளில் உள்ளது. அங்கே 1971இல் நார்மன் ஆப்ரம்சன் என்பவரும் அவர் குழுவினரும் தீவுகளை வானொலி அலையால் இணைத்தனர். அக்கருத்தைத் தழுவி, 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் இராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட் என்னும் கம்பி வலையைக் கண்டார். பலர்க்கும் பொதுவான ஓர் ஊடகம் என்பதே அதன் அடிப்படை. ஹப்பும் அப்பொதுமையையே காக்கின்றது. எங்கள் ஹப்பின் வேகம் நொடிக்கு ஒரு கோடி பிட். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டால் அந்த ஒரு கோடியைப் பன்னிரண்டாகப் பங்கிட வேண்டும். மோதலில் வீணாவது வேறு. அந்த மாணவன் எங்ஙனம் முடிப்பான்?

இனிச் சுவிட்சைப் பார்ப்போம். சுவிட்சு என்றதும் விளக்கை ஏற்றி அணைக்கும் கருவியை நினைத்துக்கொள்ளாதீர்கள். 1951 வரை நம் திருவிதாங்கூர்ப் பகுதியில் அஞ்சல் என்னும் பெயரிலேயே தனித் தபால் துறை ஒன்று இயங்கி வந்தது. மணி கட்டிய கோலுடன் ஓடிவரும் அஞ்சலோட்டக்காரரைப் பற்றி என் பாட்டனார் கதை கதையாகச் சொல்வார். ஊருக்குப் புதிதாக வந்த ஓர் அஞ்சல்காரரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஒருவரையும் தெரியாது. மேலத்தெருவில் ஒருவர் கடிதம் கொடுக்கிறார். அனுப்புநர் பெயரைப் பார்த்து, "இன்னார் மேலத்தெரு" என்று தம் ஏட்டில் குறித்துக்கொள்கிறார். பெறுநர் எங்கிருக்கிறார் என்பது தெரியாததால் அந்த ஒரு முறை மட்டும் மற்ற எல்லாத் தெருக்களுக்கும் அதன் படியைக் கொண்டு செல்கிறார். உரியவர் மறுமொழி கொடுக்கிறார். அவருடைய தெருவும் ஏட்டில் ஏறிவிடுகிறது. அதன்பின் இவ்விருவர் கடிதங்களும் நேரே போய்ச் சேரும்.

சுவிட்சு செய்வது முற்றிலும் இதுவே. எவரும் அதற்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. அனுப்புபவர் எண்ணைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிறது. ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஓசையின்றி இருக்கும் கணினியின் பெயரை ஏட்டிலிருந்து நீக்கியும் விடுகிறது. கம்பியை வேறு துளைக்கு மாற்றியிருக்கலாம் அல்லவா? முதல் துளையும் நான்காம் துளையும் பேசும் அதே வேளையில் இரண்டாவதும் ஏழாவதும் தடையின்றிப் பேசலாம்.

முதல் ஈதர்நெட் சுவிட்சை 1990இல் வெளியிட்டது கல்பனா என்னும் அமெரிக்க நிறுவனம். அதற்கு ஏழு துளைகள். நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் இந்திய வழியினரான வினோத் பரத்வாஜ். பெயர் அவர் மனைவியினுடையது. கற்பனை என்று நாம் சொல்லும் சொல்லே அது. 1994இல் சிஸ்கோ நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது.

எங்கள் பள்ளிக்கு வருவோம். நாகர்கோவிலிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் பெட்டியை ஒரு நிமிடம் நோக்கினார். ஒரு கணினி பேசும்போது எல்லா விளக்குகளும் சேர்ந்து மின்னுவதைச் சுட்டிக்காட்டி, "சார், இது ஹப்" என்றார். பிறகு தம் கணினியை ஒரு துளையில் இணைத்து, என்னை மின்னஞ்சலைத் திறக்கச் சொன்னார். நான் தட்டிய கடவுச்சொல் எழுத்துப் பிசகாமல் அவர் திரையில் நின்றது! பிறர்க்குரியதைத் தள்ளிவிட வேண்டிய அட்டையை, எல்லாவற்றையும் ஏற்றுக்கொள் என்று பணித்திருந்தார். ஓராண்டுக் காலம் ஆசிரியர்களின் கடவுச்சொற்கள் அந்த அறையில் இவ்வாறு கூவப்பட்டு வந்தன என்பதை எண்ணி நடுங்கினேன்.

பத்து மடங்கு வேகமுள்ள சுவிட்சு வந்தது, வகுப்பும் ஓடியது. பாடக் கோப்புகள் இருந்த பொதுக் கணினிக்குச் செல்லும் கம்பி ஒன்றுதான் ஆகையால் அங்கே நெருக்கடி அறவே நீங்கிவிடவில்லை. ஆயினும் பொறுக்கக் கூடியதாயிற்று. அந்த மாணவனை அழைத்து, தவறு என்னுடையது என்று வகுப்பின் முன்னிலையிலேயே சொன்னேன். தண்டனையை எல்லாரும் கண்டிருந்தார்கள் அன்றோ!

சுவிட்சையும் ஏமாற்ற வழிகள் உண்டு. பொய்யான எண்ணைக் காட்டி அதன் ஏட்டைக் குழப்பலாம். ஆதலால் கடவுச்சொல்லை மறைமொழியாக்கி அனுப்பும் முறையே இன்று எங்கும் கைக்கொள்ளப்படுகிறது. ஹப்பைக் கடைகளில் இப்போது காண்பது அரிது. 2002இல் வகுக்கப்பட்ட பத்து கிகாபிட் ஈதர்நெட்டில் ஹப்புக்கு இடமே தரப்படவில்லை.

எனினும் அதன் இயல்பு முற்றும் மறைந்துவிட்டது என்று கொள்ளற்க. நீங்கள் கைப்பேசியில் பயன்படுத்தும் வைஃபையில் கம்பி இல்லை. வெளி ஒன்றே எல்லார்க்கும் பொது. ஒருவர் அனுப்பும் அலை அறையில் உள்ள அனைவர் கருவியையும் எட்டுகிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கவே வேண்டும். ஆகவேதான் வீட்டு வலைக்குக் கடவுச்சொல் வைத்து, செய்தியை மறைமொழியில் அனுப்புகிறோம். பேருந்து நிலையத்தில் கடவுச்சொல் கேட்காத வைஃபை கிடைத்தால், நீங்கள் அமர்ந்திருப்பது எங்கள் பழைய கணினி அறையில்தான்.