புகையுது பாருங்க, நம்ம நெட்!

ஒரு பச்சைக் கோடு. அதற்கு மேலும் கீழும் சாம்பல் நிறத்தில் புகை. நெட் இணைப்பை அளக்கும் ஸ்மோக்பிங் என்ற மென்பொருள் வரைந்த படத்தை முதன்முறை பார்ப்பவருக்கு யாரோ பென்சிலால் தேய்த்துவிட்ட மாதிரிதான் இருக்கும். ஆனால் நேற்று ராத்திரி உங்கள் பிராட்பேண்ட் பட்ட பாடு முழுக்க அந்தத் தேய்ப்பில்தான் பதிவாகியிருக்கிறது! அது எப்படி உருவாகிறது? வாருங்கள், உள்ளே நுழைந்தே பார்த்துவிடலாம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்மோக்பிங், எஃப்பிங் என்ற சின்ன நிரலை எழுப்பிவிடும். அது நாம் கொடுத்த ஒவ்வொரு முகவரிக்கும் 20 பாக்கெட்டுகளை அனுப்பும். ஒவ்வொன்றும் போய்த் திரும்ப எவ்வளவு நேரமானது என்று குறித்துக்கொண்டு, சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கும். வரிசையின் நடுவில் நிற்கும் அளவுதான் அந்தக் கோடு. எத்தனை பாக்கெட் தொலைந்தது என்பதைக் கோட்டின் நிறம் சொல்லும். ஒன்றுகூடத் தொலையாவிட்டால் பச்சை. ஒன்று போனால் நீலம். இன்னும் போகப் போக ஊதா, கடைசியில் சிவப்பு.

இப்போது புகைக்கு வருவோம், எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். முதல் அளவுக்கும் இருபதாவது அளவுக்கும் நடுவே மிக வெளிறிய சாம்பல் பட்டை. அதன்மேல், இரண்டாவதுக்கும் பத்தொன்பதாவதுக்கும் நடுவே கொஞ்சம் அடர்ந்த பட்டை. இப்படி உள்ளே போகப் போகக் கருத்துக்கொண்டே வரும். அவ்வளவுதான் ரகசியம்! எல்லா பாக்கெட்டும் ஒரே அளவு நேரம் எடுத்துத் திரும்பினால் புகையே இருக்காது. நேரங்கள் சிதறினால் புகை விரியும்.

சராசரி போட்டால் போதாதா? போட்டுப் பாருங்கள். 19 பாக்கெட்டுகள் 8 மில்லிநொடியில் வந்து, ஒன்று மட்டும் 800 மில்லிநொடி எடுத்தது என்று வையுங்கள். சராசரி 47.6. அந்த நேரத்தில் ஒரு பாக்கெட்கூட வரவே இல்லை! வீடியோ காலில் "ஹலோ, கேக்குதா?" என்று கத்த வைத்தது அந்த ஒற்றை 800. சராசரி அதைக் கரைத்துவிடும், புகை காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்மோக்பிங்கை ஓட்ட ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினி போதும், பழைய லேப்டாப்பும் ஆகும். டெபியன் வகை லினக்ஸ் என்றால் ஒரே 'ஆப்ட் இன்ஸ்டால்' கட்டளைதான். முகவரிகளை எழுதும் 'டார்கெட்ஸ்' கோப்பில் வரியின் தொடக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டால் மெனுவில் ஒரு தலைப்பு, இரண்டு போட்டால் அதற்குள் ஒரு கிளை. வைஃபையின் தடுமாற்றம் அளவில் கலக்காமலிருக்க, ராஸ்ப்பெரி பையை ரூட்டரோடு லேன் கேபிளில்தான் இணைக்க வேண்டும்.

எந்தெந்த முகவரிகளைக் கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். வீட்டு ரூட்டர், அதற்கடுத்து இணைய நிறுவனத்தின் முதல் கேட்வே, பிறகு கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, கடைசியாக சிங்கப்பூரில் ஒரு சர்வர் என்று அருகிலிருந்து தூரத்துக்குப் போகிறது என் பட்டியல். ரூட்டர் படம் சுத்தமாக இருந்து கேட்வேயிலிருந்து புகை கிளம்பினால் கோளாறு வெளி லைனில். நான்கும் சுத்தம், கைபேசி மட்டும் திணறுகிறது என்றால் வைஃபையைப் பாருங்கள். வாடிக்கையாளர் சேவையில் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லும்போது கையில் படம் இருப்பது எவ்வளவு பெரிய பலம்!

சிங்கப்பூர்க் கோட்டைப் பார்த்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கும். 2002-இல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிள் சென்னையிலிருந்து அங்கே சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 32 மில்லிநொடி ஆகியே தீரும். எந்த பிளானுக்கு மாறினாலும் இந்தப் பாதையில் கோடு அதற்குக் கீழே இறங்காது. வீட்டு மேசையில் உட்கார்ந்தபடி வங்கக் கடலின் அகலத்தை அளக்கிறோம்!

ஸ்மோக்பிங்கை எழுதியவர் ஸ்விட்சர்லாந்துக்காரர் டோபியாஸ் ஓட்டிக்கர். 1994-இல் இங்கிலாந்தின் டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் இருந்தபோது வெளியுலகத்துக்கு ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அது எவ்வளவு நிரம்புகிறது என்று பார்க்க எம்.ஆர்.டி.ஜி.யை எழுதினார். பின்னாளில் வந்த அவருடைய ஆர்.ஆர்.டி.டூல்தான் ஸ்மோக்பிங்கின் களஞ்சியம். புதிய அளவுகள் பழையவற்றின் மேல் சுற்றிச் சுற்றி எழுதப்படுவதால் கோப்பு வளரவே வளராது.

எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ் 2010-இல் வீட்டிலிருந்து எம்.ஐ.டி.க்குப் பெரிய கோப்புகளை அனுப்பும்போது, பாக்கெட் போய்வரும் நேரம் ஒரு நொடியைத் தாண்டியதை ஸ்மோக்பிங் படத்தில்தான் பார்த்தார். சாதனங்களில் தேவைக்கு மீறிப் பெரிதாக இருந்த பஃபர்களில், அதாவது தற்காலிகச் சேமிப்பிடங்களில், பாக்கெட்டுகள் வரிசைகட்டி நின்றன. 'பஃபர்புளோட்' என்று இன்று உலகமே சொல்லும் நோய் அது. உங்கள் வீட்டிலும் பெரிய வீடியோ ஒன்றை அப்லோட் போட்டுவிட்டு அடுத்த சுற்றைப் பாருங்கள். ரூட்டரில் இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்.க்யூ.எம். வசதி இருந்தால் அதை இயக்கிவிட்டு மறுபடி பாருங்கள், புகை பொசுக்கென்று இளைத்திருக்கும்!

வெளி முகவரிகள் எல்லாவற்றிலும் 20-க்கு 20-ம் தொலைந்தால் லைன் செத்துவிட்டது என்று அர்த்தம். உடனே மெயில் அனுப்பச் சொல்லலாம். ஆனால் வீட்டு நெட்டே படுத்துவிட்டால் மெயில் எப்படிப் போகும்? ஆகவே வீட்டை வெளியிலிருந்தும் ஒருவர் கண்காணிக்க வேண்டும். ஸ்மோக்பிங்கில் 'மாஸ்டர், ஸ்லேவ்' ஏற்பாடு இருக்கிறது. பல இடங்களிலிருந்து ஒரே இலக்கை அளந்து ஒரே படத்தில் சேர்த்துக் காட்டும். மாஸ்டருக்கு வெளியே ஒரு வாடகை சர்வர் பிடித்தாயிற்று. ஸ்லேவாக அக்கா வீட்டில் ஒரு பை, அவள் தலையாட்டிவிட்டாள்!