குழாய் நீரும் தொட்டி மீனும்

வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதன் அடியிலே வெண்மணல். மணலில் வேரூன்றிய பசுங்கொடிகள். கொடிகளினூடே விளையாடும் பொன்னிற மீன்கள். காண்போர் கண்ணுக்கு அஃது ஒரு சிறு குளமாகவே தோன்றும். ஆயினும், இயற்கைக் குளத்திற்கும் இத் தொட்டிக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. குளத்து நீரை மழையும் ஓடையும் புதுப்பிக்கின்றன. தொட்டி நீரையோ மனிதனே புதுப்பித்தல் வேண்டும். மீன் எந்த நீரில் கழிவை விடுகின்றதோ, அந்த நீரிலேயே மூச்சும் விடுகின்றது. ஆதலால், மீன் வளர்ப்போர் வாரந்தோறும் தொட்டி நீரில் ஒரு பகுதியை இறைத்துவிட்டு, அந்த அளவுக்குப் புதுநீர் ஊற்றுவர். நகரங்களில் அப் புதுநீர் குழாயிலிருந்தே வருகின்றது. அந் நீரின் இயல்பை அறியாதவர் தாம் வளர்க்கும் மீன்களைக் காத்தல் அரிது.

குழாய் நீர் மனிதரின் நலன் கருதித் தூய்மை செய்யப்படுவதாகும். 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஒரு பகுதியில் வாந்திபேதி பரவிற்று. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோர் வாழ்ந்த வீடுகளை ஆராய்ந்து, அங்கிருந்த ஒரு தெருக்குழாயின் நீரே நோய்க்குக் காரணம் எனக் காட்டினார். நீரின் வழியே நோய் பரவும் என்பது தெளிவானபின், அந் நோயை நீரிலேயே அழிக்கும் வழியை அறிஞர்கள் நாடினர். 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்துக் குடிநீரில் இடைவிடாது குளோரின் சேர்க்கும் முறை தொடங்கிற்று. பிற நகரங்களும் அம் முறையைப் பின்பற்றின. வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் அந் நகரங்களில் பெரிதும் குறைந்தன. எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்த பெருமை குளோரினுக்கு உண்டு.

ஆனால், நுண்ணுயிரைக் கொல்லும் குளோரின் மீனின் செவுளையும் அரிக்கும் தன்மையது. இதனை மீன் வளர்ப்போர் பட்டறிவால் உணர்ந்தனர். அதற்கு எளிய மாற்றும் கண்டனர். குழாய் நீரை அகன்ற கலத்தில் பிடித்து, ஓரிரு நாள் திறந்து வைத்தனர். குளோரின் நீரைவிட்டு மெல்லக் காற்றிற் கலந்தது. பிறகு அந் நீரைத் தொட்டியில் ஊற்றினர். மீன்கள் நலமாக வாழ்ந்தன. தந்தை மகனுக்கும், நண்பர் நண்பருக்கும் கற்பித்த இப் பழக்கம் பல்லாண்டுகள் தவறாமற் பயன் தந்தது.

1974ஆம் ஆண்டில் புதியதோர் உண்மை வெளிப்பட்டது. ஹாலந்து நாட்டு வேதியியலறிஞரான யோகான்னஸ் ரூக் என்பவர், ஆற்று நீரில் கலந்துள்ள அழுகிய இலைதழைகளின் சத்தோடு குளோரின் சேரும்போது, குளோரோபாரம் முதலிய பொருள்கள் உண்டாகின்றன என்று கண்டறிந்தார். அப் பொருள்களை நெடுங்காலம் உட்கொள்ளுதல் உடலுக்குக் கேடு செய்யக்கூடும் என்னும் ஐயம் எழுந்தது. 1979இல் அமெரிக்க அரசு குடிநீரில் அவை இருக்கத்தக்க அளவுக்கு வரம்பு கட்டிற்று. 1998இல் அவ் வரம்பை மேலும் இறுக்கிற்று. நோய்க்கிருமியையும் கொல்லுதல் வேண்டும். புதிய கேட்டையும் தவிர்த்தல் வேண்டும். இவ் விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் வழிகளுள் ஒன்றாகப் பல நகரங்கள் குளோரமினைக் கைக்கொண்டன.

குளோரமின் என்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டாகும் பொருள். இது முற்றிலும் புதியதன்று. 1917ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் டென்வர் நகரில் இதனைப் பயன்படுத்தினர். நுண்ணுயிரைக் கொல்லும் வேகத்தில் இது குளோரினுக்கு இளைத்தது. நிலைத்து நிற்பதிலோ அதனினும் வலியது. நெடுந்தொலைவு செல்லும் குழாய்களின் கடைக்கோடிவரை இது சிதையாமல் நின்று நீரைக் காக்கும். குளோரோபாரம் போன்ற பொருள்களும் இதனால் மிகக் குறைவாகவே தோன்றும்.

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அந் நகரின் குடிநீரில் பெரும்பகுதி, யோசமிட்டி மலைப்பகுதியிலுள்ள ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத்திலிருந்து 160 மைலுக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து வருகின்றது. 2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அந் நகரின் நீர்வழங்கு துறை குளோரினை விடுத்துக் குளோரமினுக்கு மாறிற்று. நீரின் நிறம் மாறவில்லை. மாற்றத்தைக் கண்ணாலும் நாவாலும் அறிதல் அரிதாயிற்று. எனினும், மீன் வளர்ப்போர் எச்சரிக்கப்பட்டனர். அதன் காரணத்தை அறிதல் நலம்.

அந் நகரத்தார் ஒருவர் எச்சரிக்கையைக் கேளாமல், வழக்கம்போல் நீரைப் பிடித்து இரு நாள் வைத்திருந்து தொட்டியில் ஊற்றினார் எனக் கொள்க. அவர் செய்தது நேற்றுவரை சரியான செயல். இன்றோ அதுவே மீன்களின் உயிருக்கு இடராகும். குளோரமின் எளிதிற் காற்றோடு கலந்து போவதில்லை. கொதிக்க வைத்தாலும் விரைவில் நீங்குவதில்லை. அது செவுளின் மெல்லிய தோலைக் கடந்து மீனின் இரத்தத்தை அடைகின்றது. அங்கே ஈமோகுளோபினிலுள்ள இரும்போடு வினைபுரிந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கின்றது. சுற்றிலும் காற்று நிறைந்த நீர் இருந்தும் மீன் மூச்சுத் திணறுகின்றது, மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து தவிக்கின்றது, இறுதியில் மடிகின்றது.

அதே நீரை மனிதர் அச்சமின்றிக் குடிக்கின்றனரே எனின், மனிதன் குடிக்கும் குளோரமின் செரிமானத்தின்போது சிதைந்துவிடுகின்றது. அஃது இரத்தத்தை அடைவதில்லை. மீனுக்கு அத்தகைய அரண் இல்லை. அமெரிக்காவில் குடிநீரில் ஒரு லிட்டருக்கு 4 மில்லிகிராம் வரை குளோரமின் இருக்கலாம் என்பது விதி. நன்னீர் உயிர்களின் பாதுகாப்புக்கென அந் நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் வகுத்த அளவோ, குளோரமினையும் உள்ளடக்கிய மொத்தக் குளோரினுக்கு ஒரு மணி நேரச் சராசரியாக 0.019 மில்லிகிராமே. முன்னது பின்னதினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்டது. மனிதனுக்குத் தூய நீர் எல்லா உயிர்க்கும் தூய நீர் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மனிதருள்ளும் சிலருக்கு இவ் வரண் இல்லாத நிலை ஏற்படுவதுண்டு. சிறுநீரகம் பழுதுற்றோரின் இரத்தத்தை இயந்திரத்தின் வாயிலாகத் தூய்மை செய்கின்றனர். ஒருமுறைச் சிகிச்சைக்கு நூறு லிட்டருக்கும் மேற்பட்ட நீர் வேண்டும். மெல்லிய சவ்வு ஒன்றே அந் நீரையும் நோயாளியின் இரத்தத்தையும் பிரித்து நிற்கின்றது. குளோரமின் அச் சவ்வைக் கடந்து சென்றால் சிவப்பணுக்கள் அழியும். ஆகவே, சிகிச்சை நிலையங்கள் அதனைக் கரியின் வழியே வடித்து நீக்கிவிடுகின்றன. தொட்டி மீனும் சிகிச்சை பெறும் நோயாளியும் இவ் வகையில் ஒரே நிலையினர்.

மீனைக் காக்கும் வழி உண்டு. நிழற்படக் கலைஞர் 'ஹைப்போ' என வழங்கிய சோடியம் தயோசல்பேட்டு, குளோரினை உடனே செயலிழக்கச் செய்யும். குளோரமினில் அவ் வுப்பைச் சேர்த்தால், குளோரின் பகுதி மட்டும் ஒழிந்து அம்மோனியா எஞ்சும். அம்மோனியாவும் மீனுக்கு நஞ்சே. காரத்தன்மை மிக்க நீரில் அதன் கொடுமை மிகும். நாள்பட்ட தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர்க் கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். ஆயினும், ஒரே முறையில் மிகுந்த நீரை மாற்றினால் அவை அவ்வளவு அம்மோனியாவையும் உடனே மாற்ற இயலாது. எனவே, நீரைச் சிறிது சிறிதாக மாற்றுதலும், அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் மருந்தைப் பயன்படுத்துதலும் வேண்டும். வடிகட்டியைக் குழாய் நீரிற் கழுவினால் அந் நுண்ணுயிர்கள் மடியும்; தொட்டியிலிருந்து இறைத்த நீரிலேயே அதனை அலசுதல் வேண்டும். நீரைச் சோதிக்கும்போதும் தனித்த குளோரினை மட்டும் காட்டும் சோதனை போதாது. அது குளோரமினைக் காட்டாமையால், நஞ்சு இருந்தும் இல்லை என்ற மயக்கத்தைத் தரும். மொத்தக் குளோரினை அளக்கும் சோதனையே தக்கது.

மாற்றம் ஒருமுறையோடு நின்றுவிடுவதுமில்லை. குளோரமினைப் பயன்படுத்தும் வாஷிங்டன் மாநகரில், குழாய்களைத் தூய்மைப்படுத்தும் பொருட்டு, ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் சில வாரங்கள் குளோரினுக்குத் திரும்பும் வழக்கம் உள்ளது. அத்தகைய நகரில் மீன் வளர்ப்போர் நீர்வழங்கு துறையின் அறிவிப்புகளைக் கருத்துடன் படித்தல் இன்றியமையாதது.

நீரில் மருந்து கலந்த பொறியியலாரைப் பழித்தல் தகாது. அவர் காப்பது இலட்சக்கணக்கான மக்களின் உயிர். பழைய பழக்கத்தை இகழ்தலும் தகாது. குளோரின் நீருக்கு அஃது ஏற்ற முறையே. நீரை ஏன் இரு நாள் வைத்திருந்தோம் என்பதை அறிந்தவர், நீர் மாறியபோது தம் முறையையும் மாற்றிக்கொண்டார். அவருடைய மீன்கள் பிழைத்தன. காரணம் அறியாது பழக்கத்தை மட்டும் பற்றி நின்றவர், தம் கையாலேயே தம் மீன்களுக்கு நஞ்சிட்டார். செய்யும் செயலின் காரணத்தை அறிந்து செய்வதே அறிவுடைமை. பேச வாயில்லாத சிற்றுயிரை வளர்ப்போர்க்கு அவ் வறிவு கடமையும் ஆகும்.