பெரிய முட்டையெல்லாம் நல்ல முட்டையா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில் கச்சிராயபாளையத்தில் என் ஆயா இருக்கிறார். காடைக் குஞ்சு வளர்த்து விற்கும் காசில்தான் அவருடைய மருந்துச் செலவு நடக்கிறது. சென்ற கோடை விடுமுறையில், "பெருசாப் பார்த்து எடும்மா, குஞ்சும் பெருசா வரும்" என்றார். நானும் பெரிய முட்டைகளாகவே 20 பொறுக்கிக் கொடுத்தேன். 18ஆம் நாள் பார்த்தால் 7 குஞ்சுகளே பொரித்திருந்தன. ஆயா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974இல் கலிபோர்னியாவிலிருந்து நம் நாட்டிற்கு வந்தது. மலைப் புதர்களில் ஓடும் காட்டுக்காடை தன் முட்டையைத் தானே அடைகாக்கும். கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த இதுவோ அடையில் உட்காருவதையே மறந்துவிட்டது! ஆகவே இன்குபேட்டரில் வைக்க வேண்டும். இல்லையேல் ஆயாவைப் போல நாட்டுக்கோழியின் அடியில் வைக்க வேண்டும்.

பள்ளி திறந்ததும் அறிவியல் சிஸ்டரிடம் காரணம் கேட்டேன். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே பிராணவாயு உள்ளே செல்கிறது, நீராவி வெளியேறுகிறது. நீர் குறையக் குறைய அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகிறது. ஓட்டை உடைக்குமுன் குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அந்த அறையில்தான். இப்போது களி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். சிறிய உருண்டை சீக்கிரம் ஆறும், பெரியது சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மிகப் பெரிய முட்டையிலும் உள்ளிருக்கும் பொருளுக்கு ஏற்ற மேற்பரப்பு இல்லை. எனவே சூடு தங்கிவிடுகிறது, நீர் போதிய அளவு வெளியேறுவதில்லை, காற்றறையும் சிறுத்துப்போகிறது. மிகச் சிறிய முட்டையோ அளவுக்கு மீறி வற்றிவிடும்.

வடிவமும் முக்கியம். அகலத்தை நீளத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வருவது வடிவக் குறியீடு. 3.2 செ.மீ. நீளமும் 2.5 செ.மீ. அகலமும் உள்ள முட்டைக்கு அது 78. நல்ல காடை முட்டை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பந்துபோல் உருண்டதையும் வெள்ளரிப்பிஞ்சுபோல் நீண்டதையும் அடைக்கு எடுப்பதில்லை.

காலாண்டு விடுமுறையில் 10 முதல் 12 கிராம் வரையுள்ள, இட்டு ஒரு வாரம் ஆகாத முட்டைகளாக 20 எடுத்து வைத்தோம். 14 பொரித்தன. "ஒரே அடையை வைத்து முடிவு கட்டாதே, முன்பு வைத்தவை பழைய முட்டைகளாகவும் இருந்திருக்கலாம்" என்றார் சிஸ்டர். அதுவும் சரிதான். ஆயா அன்று முட்டைகளின் நாளைக் கணக்கு வைக்கவில்லை.

இப்போது பெரிய முட்டைகளை எங்களுக்கு அவித்துத் தருகிறார்.