விளையாட எமக்கும் உரிமை உண்டு



கிளிநொச்சியூடாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி எமக்குப் புதிதல்ல. அந்த வீதி தொடங்குவது கண்டியில் என்பதை 2011 ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோதுதான் நான் அறிந்துகொண்டேன். வவுனியாவிலிருந்து தம்புள்ளை, மாத்தளை கடந்து கண்டி வந்து இறங்கியபோது என் கையில் ஒரு பையும், அம்மா கட்டித்தந்த இடியப்பமும் இருந்தன.

2009 இல் போர் முடிந்தபோது அப்பா எம்முடன் இல்லை. அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. அந்த வருடம் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமில் இருந்தபடியே உயர்தரப் பரீட்சை எழுதினேன். பேராதனையில் சமூகவியல் படிக்க இடம் கிடைத்தது. அங்கே நான் கூடைப்பந்து விளையாடுவேன் என்று யாரும் சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டேன். அப்போது எனக்குச் சிரிப்பே வருவதில்லை.

கலைப்பீட மகளிர் அணிக்கு ஆள் போதவில்லை. விடுதியில் என் அறையில் இருந்த தோழி, "சும்மா வந்து நில்" என்று இழுத்துப் போனாள். அணித்தலைவி குருநாகலைச் சேர்ந்த சிங்கள அக்கா. தன் பழைய சப்பாத்தை எனக்குத் தந்தார். எனக்கு அது பெரிது. முன்பக்கத்தில் பேப்பர் அடைந்து போட்டுக்கொண்டேன்.

கூடைப்பந்தை அறியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். ஓர் அணியில் ஐந்து பேர். மைதானம் 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்டது. வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. தரையில் தட்டியபடி ஓட வேண்டும், அல்லது மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரியானாலும் தனியே ஒருத்தியால் வெல்ல முடியாது.

முதல் நாள் பந்து என் முகத்துக்கு நேரே வந்தது. நான் கண்ணை இறுக மூடி, தலையைக் கைகளால் மூடிக் குந்திவிட்டேன். பங்கருக்குள் பழகிய பழக்கம். யாரும் சிரிக்கவில்லை. தலைவி அக்கா பக்கத்தில் வந்து, "எபா, நங்கி, எபா. கண்ணை மூடாதே, பந்தைப் பார்" என்றார். எனக்குச் சிங்களம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'அக்கா' என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொது. அதை வைத்துக்கொண்டே ஆரம்பித்தோம்.

ஒவ்வொரு நாளும் மாலையில் பயிற்சி. கண்டி மழை உங்களுக்குத் தெரிந்திருக்கும்; ஹந்தானை மலை மறைந்தால் அரை மணித்தியாலத்தில் மழை வந்துவிடும். கண்ணைத் திறந்தபடி பந்தைப் பிடிக்க எனக்கு மூன்று வாரம் சென்றது.

விளையாடுகிறேன் என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "கொப்பரைத் தேடித் திரியிற நேரத்தில உனக்கு விளையாட்டுக் கேக்குதோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. இரண்டு நாள் பயிற்சிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் தலைவி அக்கா விடுதி வாசலில் வந்து நின்றார். போனேன்.

பெண் விளையாடக் கூடாது என்ற பேச்சு எமது ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1891 இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடையை மேல்மாடத்தில் அடித்து இந்த விளையாட்டைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதை ஸ்மித் கல்லூரி மாணவிகளுக்குப் பழக்கியவர் சென்டா பெரென்சன் என்ற ஆசிரியை. லிதுவேனியாவில் பிறந்து, குடிபெயர்ந்து வந்தவர். சிறுவயதில் உடல் நலிந்தவர். ஓடுவது பெண்ணின் உடலுக்கு ஆகாது என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. 1893 மார்ச்சில் நடந்த அந்த மாணவிகளின் போட்டியைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இருக்கவில்லை.

எங்கள் பீடங்களுக்கிடையிலான போட்டிகள் வந்தன. முதல் ஆட்டத்தில் 40 க்கு 11 என்று தோற்றோம். இரண்டாவதிலும் தோல்வி. மூன்றாவது ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் பந்து என்னிடம் வந்தது. எறிந்தேன். வளையத்தில் பட்டுச் சுழன்று உள்ளே விழுந்தது. இரண்டு புள்ளிகளால் வென்றோம். எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நான் சத்தமாகச் சிரித்தேன். போருக்குப் பின் என் சிரிப்புச் சத்தத்தை நானே கேட்டது அன்றுதான்.

நான்காவது ஆட்டத்தில் தோற்று வெளியேறினோம். அன்று மழை. படிக்கட்டில் ஒதுங்கி இருந்தபோது தலைவி அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். இராணுவத்தில் இருந்த அவருடைய அண்ணா. 2008 இல் இறந்துவிட்டார். நான் அப்பாவின் படத்தைக் காட்டினேன். அவர்கள் வீட்டுப் படத்துக்கு மாலை போட்டாயிற்று. எங்கள் வீட்டுப் படத்துக்கு மாலை போடவும் முடியாது, போடாமல் இருக்கவும் முடியாது. இருவரும் அதிகம் பேசவில்லை. ஒரு பிளேன்ரீ வாங்கி இருவருமாகக் குடித்தோம். அடுத்த வாரம் மறுபடி பயிற்சிக்குப் போனோம்.

அன்றிரவு அம்மா அழைத்தார். "சாப்பிட்டனியோ?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெண்டனீங்களோ?" என்று கேட்டார்.

சகோதரிகளே, சிரித்தால் இழந்தவர்களை மறந்துவிட்டோம் என்று ஊர் சொல்லும். எமது மனமும் சொல்லும். நான் அப்பாவை மறக்கவில்லை. அவரைத் தேடும் மனுக்களை இன்றும் நானே எழுதுகிறேன். எழுதும் கைக்குத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பை எனக்கு அந்த மைதானம் தந்தது.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தைப் பாருங்கள். ஆறரை அடிக்கும் மேல் உயரம். அவ்வளவு உயர்ந்த பெண்பிள்ளையை எமது ஊர்களில் என்ன சொல்வார்கள் என்று எமக்குத் தெரியும். கூடைப்பந்திலிருந்து பிறந்த வலைப்பந்தில் அந்த உயரமே இலங்கைக்குப் பலமாயிற்று. 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் அவர் 348 கோல்கள் போட்டார். 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது.

காலை இழந்த எனக்கு என்ன விளையாட்டு என்று கேட்கும் சகோதரியும் இதை வாசிப்பார். இரண்டாம் உலகப் போரில் முள்ளந்தண்டு அடிபட்டவர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் விளையாட்டையே மருந்தாகக் கொடுத்தார். 1948 இல் அங்கு நடந்த வில்வித்தைப் போட்டியில் பங்குபற்றிய 16 பேரில் இருவர் பெண்கள். 1968 முதல் பராலிம்பிக்கில் பெண்கள் சக்கர நாற்காலியில் இருந்து கூடைப்பந்து விளையாடுகிறார்கள்.

இன்று நான் வேலை செய்யும் கிராமங்களில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் அரை மணித்தியாலம் வட்டமாக நின்று பந்து எறிகிறோம். வளையம் இல்லை, ஒரு பழைய வாளியை மரத்தில் கட்டியிருக்கிறோம். உடலில் செல் துண்டு உள்ளவர்களும் இதய நோய் உள்ளவர்களும் வைத்தியரிடம் கேட்டுவிட்டே சேருகிறார்கள். ஓட முடியாதவர்கள் கதிரையில் இருந்து எறிகிறார்கள். முதல் நாள் வெட்கத்தோடு ஒதுங்கி நின்ற ஓர் அம்மா இப்போது எல்லோருக்கும் முதல் வந்து வாளி கட்டுகிறார்.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு ஒரு பந்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள்.