வல்லாரை துணை நிற்கும், ஈயத்தை வெளியேற்றாது

இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் எம்மவர் கூடவே கொண்டுபோன பயிர்களில் வல்லாரையும் ஒன்று. கொட்டில் போட்ட காணியில், கிணற்றடித் தண்ணீர் வழிந்தோடும் ஈரத்தில் வேரோடு ஒரு துண்டை ஊன்றிவிட்டால் அது தானாகவே படர்ந்துவிடும். காசு கொடுத்து மரக்கறி வாங்க வழியில்லாத நாட்களில் ஒரு பிடி வல்லாரையும் கொஞ்சத் தேங்காய்ப்பூவும் சோற்றுக்குப் போதுமாக இருந்தன. பிள்ளைகளின் ஞாபக சக்திக்கு நல்லது என்று பாட்டிமார் சொல்லி ஊட்டினார்கள். உடம்பில் சேர்ந்த நஞ்சை முறிக்கும் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. இந்தக் கடைசிச் சொல்லில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை இம்முறை பார்ப்போம். எமது பிள்ளைகளின் நலம் இதில் தங்கியிருக்கிறது.

எந்த நஞ்சு?

நாம் இங்கே பேசுவது பாம்பு, பூச்சி நஞ்சைப் பற்றி அல்ல. ஈயம், ஆசனிக்கு, கட்மியம், இரசம் போன்ற பார உலோகங்களைப் பற்றி. இவற்றுள் எமது வாசலுக்கு மிக அருகில் இருப்பது ஈயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு. நாம் சொல்வது காரீயம்.

மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் வாகன பற்றறிகளே எமக்கு வெளிச்சம் தந்தன. பழுதான பற்றறியை உடைத்துத் தகட்டை உருக்கி, வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் வேலையும் கரையோரங்களில் நடப்பதுண்டு. பழைய கதவு, யன்னல்களின் வர்ணத்திலும் ஈயம் இருக்கலாம். அந்தப் பலகையை அடுப்பில் எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் கலக்கும். பெற்றோலில் ஈயம் சேர்ப்பதை இலங்கை 2002 இல் நிறுத்தியது. ஆனால் மண்ணில் விழுந்த ஈயம் மக்கிப் போவதில்லை. விழுந்த இடத்திலேயே பல ஆண்டுகள் கிடக்கும்.

உடலுக்குள் நடப்பது

ஈயத்தின் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய் வழியாகப் போகும் ஈயத்தில், பெரியவர் உடலில் சேர்வதை விட 4 முதல் 5 மடங்கு சிறு பிள்ளைகளின் உடலில் சேரலாம். தவழும் பிள்ளை மண்ணைத் தொட்ட கையை வாயில் வைப்பது இதனால்தான் ஆபத்தாகிறது. உள்ளே போன ஈயம் எலும்பிலும் பல்லிலும் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து மீண்டும் இரத்தத்துக்கு வந்து வயிற்றுப் பிள்ளையையும் அடையும்.

ஈயம் இரண்டு வழியாகக் கெடுதல் செய்கிறது. ஒன்று, இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருள் உருவாவதைத் தடுக்கிறது; இதனால் இரத்தச்சோகை வரும். மற்றது, உடலின் கலங்களுக்குள் ஒட்சியேற்றம் என்னும் ஒருவகை எரிவை மூட்டுகிறது. வெளியே சுவாலை தெரியாமல் உள்ளுக்குள் கனன்று பரவும் உமி நெருப்பைப் போன்றது அது. மூளை, ஈரல், சிறுநீரகம் ஆகியவை அதனால் பாதிக்கப்படும். இந்த எரிவைத் தணிக்கும் பொருட்களுக்குத்தான் ஒட்சியேற்றத் தடுப்பிகள் என்று பெயர். பச்சை இலைகள் பலவற்றில் அவை உண்டு, வல்லாரையிலும் உண்டு.

ஆய்வு சொன்னது

இந்தியாவின் குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் ஒன்று இதை எலிகளில் பரிசோதித்து 2006 இல் முடிவை வெளியிட்டது. ஆசனிக்குக் கலந்த தண்ணீரைக் குடித்த எலிகளுக்கு வல்லாரைச் சாரமும் கொடுக்கப்பட்டது. சாரம் பெற்ற எலிகளில் ஒட்சியேற்றப் பாதிப்புக் குறைந்திருந்தது. ஆகவே பாட்டிமாரின் சொல் வெறும் பேச்சு அல்ல.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. ஆசனிக்கைப் பற்றிப் பிடித்து வெளியேற்றும் தன்மை வல்லாரைக்கு இருக்கவில்லை. எரிவு தணிந்தது, நஞ்சு உள்ளேயே இருந்தது. உமி நெருப்பின் மேல் தண்ணீர் தெளித்தோம், உமியை அள்ளி எறியவில்லை என்பது போல. ஈயம் கொடுக்கப்பட்ட எலிகளிலும் அங்கே வல்லாரை பரிசோதிக்கப்பட்டது. அங்கு அது உலோகத்தை வெளியேற்றும் மருந்தோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. மருந்துக்குத் துணையாக நிற்குமா என்பதே கேள்வி. மருந்துக்குப் பதிலாக அல்ல.

எலிக்குக் கொடுத்தது அளந்து எடுத்த சாரம். நாம் உண்பது இலை. சாரம் அடைத்த குளிசைகளை இலைபோல எண்ணி விழுங்கக் கூடாது. வல்லாரைக் குளிசையைச் சில வாரங்கள் உட்கொண்ட மூன்று பெண்களுக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதாக ஆர்ஜென்ரீனா வைத்தியர்கள் 2005 இல் எழுதியுள்ளார்கள்.

ஒரு கிராமம் தரும் பாடம்

ஊற்றை அடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மேற்கு ஆபிரிக்காவின் செனகல் நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. தலைநகர் டக்காருக்கு அருகே தியாரோய் என்னும் இடத்தில் மக்கள் பழைய பற்றறிகளை உடைத்து ஈயம் எடுத்து வந்தார்கள். ஈயத்துக்கு விலை ஏறியதும், ஈயம் ஊறிய மண்ணையும் அரித்து விற்றார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச் வரை அங்கே 18 பிள்ளைகள் இறந்தார்கள். இறந்த பிள்ளைகளின் சகோதரர்களையும் தாய்மாரையும் பரிசோதித்தபோது அவர்கள் இரத்தத்திலும் ஈயம் மிக அதிகமாக இருந்தது. அவர்களும் எம்மைப் போல அன்றாட வயிற்றுப்பாட்டுக்காகவே அந்த வேலையைச் செய்தவர்கள். மருந்து கொடுத்த பிள்ளையை அதே மண்ணுக்குத் திருப்பி அனுப்பினால் நஞ்சு மீண்டும் ஏறும். அதனால் மண்ணையும் வீடுகளையும் துப்புரவாக்குவது சிகிச்சையைப் போலவே அவசியமாயிற்று.

வல்லாரையை எங்கே நடுவது?

வல்லாரை தரையோடு படர்வது. மழைத்துளி தெறிக்கும் மண் அதன் இலையில் ஒட்டும். மண்ணில் உள்ள உலோகங்களை வேர் வழியாக உறிஞ்சும் இயல்பும் அதற்கு உண்டு. எனவே பற்றறிக் கடை, வாகனம் திருத்தும் இடம், குப்பை எரித்த குழி, பெருந்தெரு ஓரம் ஆகியவற்றின் அருகே முளைத்த வல்லாரையைப் பிடுங்கிச் சமைக்கக் கூடாது. நஞ்சுக்கு மருந்து என்று உண்பதே நஞ்சைக் கொண்டுவரலாம். புதிதாகக் குடியேறும் காணியில் முன்பு என்ன இருந்தது என்று அயலவரிடம் விசாரித்த பின்பே கீரைப்பாத்தி போடுவது நல்லது.

நாம் செய்யக்கூடியவை

1. வீட்டு வளவில் பற்றறி உடைப்பதும் ஈயம் உருக்குவதும் வேண்டாம். சோறு சமைக்கும் சட்டியில் ஒருபோதும் உருக்க வேண்டாம். பழைய பற்றறியை உடைக்காமல் முழுதாகவே விற்றுவிடலாம்.

2. அப்படியான வேலைக்குப் போகிறவர், வீட்டுக்குள் வருமுன் உடுப்பை மாற்றிக் குளித்துவிட்டே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடுப்பைப் புறம்பாகத் துவைக்க வேண்டும்.

3. வர்ணம் பூசிய பழைய பலகையை விறகாக்க வேண்டாம்.

4. உண்ணுமுன் பிள்ளைகளின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கீரையைப் பலமுறை அலசுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது.

5. பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். வெறும் வயிற்றில் ஈயம் கூடுதலாக உறிஞ்சப்படும். இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த உடலும் ஈயத்தை இலகுவில் ஏற்கும். முருங்கையிலை, சிறுமீன், பயறு, கிடைத்தால் பால், முட்டை ஆகியவற்றைக் கொடுங்கள். வல்லாரைச் சம்பலில் தேசிக்காய்ப் புளி விடுவது நல்ல வழக்கம். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க அப்புளி உதவும்.

6. வெளிறிப்போதல், அடிக்கடி வயிற்று வலி, மலச்சிக்கல், சோர்வு, படிப்பில் பின்னடைவு ஆகியவை ஈயத்தாலும் வரலாம். அறிகுறி எதுவும் காட்டாமலும் இருக்கலாம். வீட்டில் ஈய வேலை நடந்திருந்தால் அதைக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையால் மட்டுமே நிச்சயமாக அறிய முடியும். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்கிரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டல். ஈயத்தை வெளியேற்றும் மருந்துகள் உண்டு. அவற்றை வைத்தியசாலையில்தான் கொடுக்க வேண்டும்.

வல்லாரையை நடுவோம், உண்போம், பிள்ளைகளுக்கும் ஊட்டுவோம். அது நல்ல கறி, நல்ல துணை. ஆனால் முற்றத்தில் ஈயம் உருகிக்கொண்டிருக்க, அடுப்பில் வல்லாரைக் கஞ்சி கொதிப்பதால் பிள்ளை தப்பிவிடாது. முதலில் முற்றத்தைத் துப்புரவாக்குவோம். பிறகு பாத்தியைக் கொத்துவோம்.