உங்களுக்குத் தெரியுமா? முகமூடி போடாத கொலைகாரர்கள்

'ஹாலோவீன்' அமெரிக்காவில் திரைக்கு வந்தது 1978 ஒக்டோபர் 25. மூன்றே நாள் கழித்துத் தமிழில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்'. ஒன்றைப் பார்த்து மற்றதை எடுத்திருக்க வழியே இல்லை!

ஹாலோவீனின் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் வாயே திறக்க மாட்டான். அவனது வெளிறிய முகம், 'ஸ்டார் ட்ரெக்' கப்டன் கேர்க்கின் மலிவு முகமூடிக்கு வெள்ளை பூசியது. 'சிகப்பு ரோஜாக்க'ளில் கமல்ஹாசனின் திலீப்போ கோட் சூட் போட்ட தொழிலதிபர். சிரித்துப் பேசியே பெண்களை வீட்டுக்கு அழைத்து வருவார். பிணங்கள் ரோஜாத் தோட்டத்துக்குள். முகமூடியைவிட அந்தச் சிரிப்புத்தான் கூடுதலாகக் குலை நடுங்க வைக்கும்.

1980இல் வந்த முதல் 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' படத்தில் கொலைகாரி, பிந்திய பாகங்களின் கொலைகாரன் ஜேசனின் அம்மா. ஜேசனின் பிரபல ஹொக்கி முகமூடி 1982இல், மூன்றாம் பாகத்தில்தான் வந்தது. அதே 1980இல் வெளியான 'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் நடித்த கொலைகாரன் சந்துருவுக்கும் ஆறாத காயம் அம்மாதான். இளையராஜாவுக்கு அது நூறாவது படம்.

'மூடுபனி'யை இயக்கிய பாலு மகேந்திரா மட்டக்களப்பில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பைப் பார்த்துத்தான் அவருக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்தது. அந்தப் படத்துக்குப் பாலம் கட்டிய இடம், கொத்மலைக்காரர்கள் அட்டன் வழியாகக் கொழும்புக்குப் போகும்போது கடக்கிற கித்துல்கலை.