காருக்குள் மர்ம வாடை!

கார் வாங்கியாகி விட்டது. புதுக் கார் அல்ல, பழைய கார்தான். என்றாலும் வீட்டுக்கு வந்த முதல் கார் அல்லவா? சந்தனம், குங்குமம் வைத்தார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம் பழம் வைத்து நசுக்கினார்கள். குடும்பத்தோடு கோவிலுக்குப் புறப்பட்டார்கள்.

கதவைச் சாத்தியதும் பின் இருக்கையில் இருந்த பாட்டி மூக்கைச் சுளித்தார்.

"என்னடா இது? மழையில் நனைந்த சாக்கு மாதிரி வாடை அடிக்கிறதே!"

"பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும், அம்மா" என்றார் மகன். ஒரு வாசனைப் புட்டி வாங்கி வந்து மாட்டினார்.

2 நாள் மல்லிகை மணந்தது. 3-வது நாள் மல்லிகையும் சாக்கும் சேர்ந்து வீசின!

பழைய கார் வாங்கும் பல வீடுகளில் நடக்கும் கதை இது. வாசனைப் புட்டி வாடையை மறைக்கும், காரணத்தைப் போக்காது. சில சமயம் அந்தக் காரணம் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

என்ன வாடை? என்ன காரணம்?

பெட்ரோல் வாடை: எங்கோ கசிவு இருக்கிறது. காரை ஓட்டக் கூடாது. பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. உடனே மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

இனிப்பு வாடை: என்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் ஒழுகுகிறது. அது பெரும்பாலும் விஷம். குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அழுகிய முட்டை வாடை: பாட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகலாம். புகையைச் சுத்தம் செய்யும் கருவி கெட்டிருக்கலாம்.

மக்கிய வாடை: உள்ளே ஈரம் இருக்கிறது. பூஞ்சை பிடித்திருக்கிறது. பாட்டி சொன்ன சாக்கு வாடை இதுதான்!

துப்பு துலக்குவது எப்படி?

காரின் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி, ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்த வேண்டும். காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. பிறகு கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர வேண்டும். முதல் மூச்சில்தான் வாடை நன்றாகத் தெரியும். சிறிது நேரத்தில் மூக்கு பழகிவிடும்.

காலடியில் கிடக்கும் விரிப்பைத் தூக்கிவிட்டு, கீழே பழைய செய்தித்தாளை வைத்து அழுத்த வேண்டும். தாள் நனைந்தால் அங்கே ஈரம் இருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னி டயர் இருக்கும் குழியையும் பார்க்க வேண்டும்.

மகன் அப்படியே செய்தார். முன் இருக்கையின் காலடியில் தாள் நனைந்துவிட்டது!

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

வெள்ளத்தில் மூழ்கிய காரா?

மகனுக்கு 'திக்' என்றது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தது. 2 முறையும் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. மூழ்கிய காரைக் கழுவி, பளபளப்பாக்கி, உண்மையைச் சொல்லாமல் விற்பவர்களும் உண்டு.

அப்படிப்பட்ட காரில் ஒயர்கள் உள்ளுக்குள் அரித்துப்போகலாம். ஓடும்போது கார் திடீரென நின்றுவிடலாம். விபத்தில் உயிர் காக்கும் ஏர்பேக் விரியாமல் போகலாம்.

கண்டுபிடிக்க வழி உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். சேற்றுக்கறை இருக்கிறதா? இருக்கைக்கு அடியில் உள்ள இரும்பில் துரு ஏறியிருக்கிறதா? விளக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர் நின்ற கோடு தெரிகிறதா? இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

இந்தக் காரில் சேறும் இல்லை, துருவும் இல்லை. வேறு ஒரு தடயம் கிடைத்தது. ஏ.சி. ஓடினால் காரின் அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். இங்கே தரை காய்ந்து கிடந்தது!

ஏ.சி. தண்ணீர் வெளியேறும் சிறு குழாயைத் தூசி அடைத்துவிட்டது. தண்ணீர் உள்ளேயே வழிந்தது. மெக்கானிக் அடைப்பை எடுத்தார். விரிப்பை வெயிலில் காய வைத்தார்கள். வாடை போயிற்று.

வாடை இல்லாத எமன்

ஒன்று மட்டும் மூக்குக்குத் தெரியாது. அதுதான் என்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு சேர விடாமல் தடுத்து ஆளையே கொன்றுவிடும்.

எனவே, காருக்குள் புகை வாடை லேசாக வந்தாலும் அலட்சியம் கூடாது. தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் உடனே காரை நிறுத்தி எல்லோரும் இறங்கிவிட வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடக் கூடாது. ஏ.சி. போட்டு, நிறுத்திய காருக்குள் தூங்கவும் கூடாது.

பழைய கார் பார்க்கப் போகிறீர்களா? உள்ளே வாசனைப் புட்டி தொங்கினால் அதை எடுத்துவிட்டு முகர்ந்து பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள்.

கூடவே, வீட்டில் உள்ள பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள்!